சும்மா கிடக்கும் கயிறு

"டீச்சர், எனக்கு எப்பவும் சும்மா கிடக்குற கயிறுதான் வருது."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று தொபியாஸுக்கே உறைத்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருப்பவர். அவர் கடை முந்திரி மக்ரூனை வாங்க வெளியூரிலிருந்து ஆள் வரும்.

ரெஜினாள் டீச்சர் படகுக்குள் குனிந்து, சுக்கான் ஆணிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தொபியாஸைவிட நன்றாகவே இளையவர். ஆனால் படகோட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதனால் கடலில் டீச்சர். பழகிப் பழகிக் கரையிலும் டீச்சர்.

"எந்தக் கயிறு அண்ணே?"

"இடது பக்கத்துக் கயிறு. என் கயிறு."

"சும்மாதானே கிடக்கு?"

"ஆமா."

"அப்ப கழட்டிப் போட்டுருங்க."

"கழட்டினா படகு திரும்பும்போது எதைப் பிடிக்கிறது?"

டீச்சர் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"அப்ப அது சும்மா கிடக்கலையே அண்ணே" என்றார்.

கயிற்றுக்கு அது சரியான பதில். தொபியாஸுக்கு அல்ல.

*

செலஸ்தீன் என்பது படகின் பெயர். சின்னப் படகு, பழைய படகு. மூன்று பேர் உட்காரலாம். நாலாவது ஆள் ஏறினால் யாராவது ஒருவர் கால்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். முன்னால் முக்கோணமாகச் சின்னதாக ஒரு பாய். அது முன்பாய். அதன் கீழ்மூலையிலிருந்து படகின் வலப்பக்கம் ஒரு கயிறு வரும், இடப்பக்கம் ஒரு கயிறு வரும்.

காற்று இடப்பக்கமிருந்து அடித்தால் வலக்கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். இடக்கயிறு தளர்ந்து கிடக்கும். படகு திரும்பிக் காற்று வலப்பக்கம் வந்துவிட்டால், பிடித்ததை விட வேண்டும், கிடந்ததை இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் படகு ஓடாது.

இடப்பக்கம் தொபியாஸ் உட்காருவார். வலப்பக்கம் மீரான்.

மீரான் பஜாரில் கடிகாரக் கடை வைத்திருந்தார். தொபியாஸுக்கு ஏறக்குறைய ஒத்த வயது. தொபியாஸ் பல வருஷமாக டீச்சரிடம் வருகிறார். மீரான் போன மழைக்காலம் முடிந்த பிறகுதான் வந்தார்.

இது வாடைக் காலம். துறையிலிருந்து தீவுக்குப் போகும்போது காற்று இடப்பக்கம் அடிக்கும். எனவே துறையை விட்டுக் கிளம்பும் அந்த அழகான நேரத்தில், டீக்கடை வாசலில் நிற்பவர்கள், மீன் ஏலம் கேட்க வந்தவர்கள், வலை காயப்போடுகிறவர்கள் எல்லாரும் பார்க்க, பாயை இழுத்துப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் மீரான். தொபியாஸ் தளர்ந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, பூனையைத் தடவுகிறவர் மாதிரி இருப்பார்.

திரும்பி வரும்போது இழுக்கும் கயிறு அவருடையதுதான். ஆனால் அப்போது வெயில் ஏறியிருக்கும். துறையில் ஒரு நாய்கூட நிற்காது.

இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

படகு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தொபியாஸ் தம் கயிற்றை இரண்டே இழுப்பில் விறைப்பாக்கிவிடுவார். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மீரான் தம் கயிற்றை விட்டுவிடுவார். சும்மா விட்டுவிடுவார்.

"நல்லா விட்டீங்க காக்கா" என்பார் டீச்சர். மீரானை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

விட்டதற்கு ஒரு பாராட்டு! இழுத்தவன் இங்கே இருக்கிறேன். விட்டவனுக்குப் பாராட்டு.

ஒரு நாள் தொபியாஸ் கொண்டுபோன மக்ரூன் பொட்டலத்தில் கடைசி ஒன்றை டீச்சர் எடுத்து மீரானிடம் நீட்டினார். மீரான் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சர்க்கரை ஒரு பொட்டு கூடிப்போச்சுவே" என்றார்.



*

தவக்காலம் தொடங்குவதற்கு முன் டீச்சர் கொச்சிக்குப் போகிறார். அங்கே ஒரு பாய்மரப் படகுப் பள்ளியில் வேலை. திரும்பி வர இரண்டு வருஷமாவது ஆகும்.

டீச்சரின் கழுத்தில் செபமாலையோடு சேர்ந்து ஒரு சாவி தொங்கும். பாய்களும் கயிறுகளும் இருக்கும் கொட்டகையின் சாவி. அது யாரிடம் இருக்கிறதோ, படகு அவரிடம் இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"டீச்சர், நீங்க போன பிறகு சாவி யாருக்கிட்ட?"

"சனிக்கிழமை தீவுக்குப் போவோம்லா? அன்னைக்குக் கொடுத்துருவேன்."

"யாருக்கு?"

டீச்சர் கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்குப் படகு சொல்லும்" என்றார்.

படகு என்ன சொல்லும் என்று தொபியாஸுக்குத் தெரியும். 'நல்லா விட்டீங்க காக்கா' என்று சொல்லும்.

*

முன்பாய்க் கயிற்றைக் கட்டுவது தொபியாஸின் வேலை. பல வருஷமாக அவர் வேலை.

அதை இப்படிக் கட்டுவார். நீளக் கயிறு ஒன்றை எடுத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து நடுவைக் கண்டுபிடிப்பார். நடுவை மடித்து, முன்பாயின் கீழ்மூலையில் இருக்கும் கண் போன்ற ஓட்டைக்குள் நுழைப்பார். நுழைந்து வந்த வளையத்துக்குள் இரண்டு நுனிகளையும் விட்டு இறுக்குவார். பிறகு ஒரு நுனியைப் பாய்மரத்துக்கு இந்தப் பக்கமாகவும் மறு நுனியை அந்தப் பக்கமாகவும் கொண்டுவந்து, ஓரப் பலகையில் இருக்கும் வளையத்தில் கோத்து எடுப்பார். கடைசியாக ஒவ்வொரு நுனியிலும், எட்டு என்ற எண்ணைப் போல, ஒரு முடிச்சு. கயிற்றை விடும்போது அது வளையத்தை விட்டு உருவிக்கொண்டு போகாமல் அந்த முடிச்சு வந்து தடுத்து நிற்கும்.

அந்த முடிச்சுகளை டீச்சர் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

சனிக்கிழமை விடியும்போதே தொபியாஸ் துறையில் இருந்தார். கயிற்றை மடித்தார். கண்ணில் நுழைத்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இடக்கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டார்.

வலக்கயிற்றின் நுனி கையில் இருந்தது.

முடிச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். படகு திரும்பும். மீரான் தமக்கே உரிய அழகோடு கயிற்றை விடுவார். நன்றாக விடுவார். கயிறு வளையத்தை விட்டு உருவி, முன்னால் போய்க் காற்றில் சாட்டை மாதிரி வீசி அடிக்கும். மீரான் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

'நான் கட்டித்தான் கொடுத்தேன் டீச்சர். அவரு என்ன செஞ்சாரோ.' டீச்சர் அதை நம்புவார். தொபியாஸ் கட்டிய முடிச்சை அவர் எப்போதும் நம்புவார்.

நுனியை முடிச்சில்லாமல் ஆசனப் பலகைக்கு அடியில் செருகினார்.

குடிதண்ணீரும் பொட்டலமும் எடுக்கக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது மீரான் படகில் இருந்தார். தகர டப்பாவால் படகுக்குள் ஊறியிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.



"என்னவே, இவ்வளவு சீக்கிரம்?"

"கடிகாரக்காரன் நேரத்துக்கு வரக் கூடாதாவே?" மீரான் நிமிரவில்லை. "பொட்டலத்துல என்ன? சர்க்கரை குறைச்சிட்டீரா?"

"உமக்காக உப்புப் போட்டுருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேருமே கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள்.

*

டீச்சர் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகில் ஏறினார். ஏறியவர் சுக்கானிடம் போகவில்லை. இடப்பக்கம், தொபியாஸின் இடத்தில் உட்கார்ந்தார்.

"தொபியாஸ் அண்ணே, இன்னைக்குச் சுக்கான் நீங்க பிடிங்க."



"நானா?"

"ஏன், கை வலிக்கா?"

பல வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. இத்தனை நாள் கழித்து, இந்தக் காலையில்தான் வர வேண்டுமா?

பின்னால் போய் உட்கார்ந்தார். சுக்கான் பிடி கையில் வழவழப்பாக, சில்லென்று இருந்தது.

மீரான் தம் இடத்தில் அமர்ந்து வலக்கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு டீச்சரின் கையில் இருந்த இடக்கயிற்றைப் பார்த்தார்.

"டீச்சர், கிளம்புறதுக்கு முன்னால கயித்தையெல்லாம் ஒரு தரம் பாத்துக்கலாமா?"



"எதுக்கு காக்கா? தொபியாஸ் அண்ணே கட்டினது" என்றார் டீச்சர்.



படகு கிளம்பியது. வாடைக் காற்று இடக்கன்னத்தில் அடித்தது. துறை முழுவதும் ஆட்கள் நின்றார்கள். டீக்கடையிலிருந்து யாரோ, "ஏ, தொபியாஸ் அண்ணாச்சி சுக்கான் பிடிக்காருடே!" என்று கத்தினார்கள். ஒரு கை உயர்ந்தது. இரண்டு மூன்று கைகள் உயர்ந்தன.

தொபியாஸ் யாரையும் பார்க்கவில்லை. ஆசனத்துக்கு அடியில் செருகியிருந்த கயிற்று நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தீவுக்குப் போகிற வழியில் ஓர் இடம் குறுகலானது. முன்னால் மணல்திட்டு. காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கம், அலையைத் தடுக்கக் கொட்டிய பெரிய பெரிய கற்கள். திட்டை நெருங்கியதும் படகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்ச தூரம் போய் மறுபடி வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு திருப்பம்.

முதல் திருப்பத்தில் மீரான் கயிற்றை விடுவார். அது போய்விடும்.

இரண்டாவது திருப்பத்தில் பிடிக்க வலக்கயிறு இருக்காது. முன்பாய் சும்மா படபடக்கும். காற்று படகைக் கற்களின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுக்கான் யார் கையில் இருந்தது என்று ஊர் கேட்கும்.

விடியற்காலையில் இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அப்போது மீரானின் வெறுங்கை மட்டும்தான் தெரிந்தது.

"திருப்பணும் அண்ணே" என்றார் டீச்சர்.

தொபியாஸ் திருப்பவில்லை.

தண்ணீரின் நிறம் மாறியது. நீலம் போய்ப் பச்சை வந்தது.

"அண்ணே."

"திருப்புதேன் டீச்சர்."

திருப்பவில்லை. பச்சை போய் மணலின் மஞ்சள் தெரிந்தது. அடியில் ஒரு நண்டு ஓடியதுகூடத் தெரிந்தது.

"என்னவே, திட்டு மேல ஏத்தி வீடு கட்டப் போறீரா?" என்றார் மீரான். அவர் குரலும் சரியாக இல்லை.

தொபியாஸ் சுக்கானைத் தள்ளினார். படகின் மூக்கு காற்றுக்குள் திரும்பியது. பாய்கள் படபடத்தன. மீரானின் கை கயிற்றை விடுவதற்காகத் தளர்ந்தது.

"விடாதேயும்வே!"

அந்தக் கத்தலில் மீரானின் கை தானாகவே இறுகியது. கயிறு நின்றது.

படகு திரும்பிவிட்டது. ஆனால் முன்பாய் பழைய பக்கத்திலேயே பிடிபட்டிருந்தது. காற்று அதன் முகத்தில் அடித்து, படகைப் பின்னால் தள்ளியது. பெரிய பாய் முன்னால் தள்ளியது. ஒன்றை ஒன்று தள்ளி, செலஸ்தீன் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது. தொட்டில் மாதிரி மெதுவாக ஆடியது.

சத்தமே இல்லை. ஓரப் பலகையில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஏன் விடக் கூடாது?"

தொபியாஸ் வலக்கயிற்றைக் கையால் காட்டினார். 

"நுனியில முடிச்சு இல்ல டீச்சர்."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் நம்புவார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மறக்கல. போடாம விட்டேன். மீரான் கையை விட்டுக் கயிறு போகணும்னு."

மீரானை அவரால் பார்க்க முடியவில்லை. சுக்கான் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் கத்துவார், அல்லது காறித் துப்புவார், அல்லது கயிற்றை எடுத்து முகத்தில் வீசுவார். எதுவாக இருந்தாலும் சரி என்று இருந்தது.

மீரான் கத்தவில்லை. தொண்டையைச் செருமினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க காக்கா."

"நீங்களும் உங்க கயித்தை விட்டுராதீங்க."

டீச்சர் தம் மடியைப் பார்த்தார். தொபியாஸும் பார்த்தார். டீச்சரின் கையில் இடக்கயிறு இருந்தது. அதன் நுனி தொங்கியது. முடிச்சு இல்லை.

விடியற்காலையில் தொபியாஸ் தம் கையாலேயே போட்ட முடிச்சு.

"நீரா?" என்றார் தொபியாஸ்.

"தண்ணி இறைக்கும்போது அவுத்துட்டேன்."

"எதுக்குவே? இழுக்குற கயிறு உம்மது. பாராட்டு உமக்கு. கடைசி மக்ரூன் உமக்கு. உமக்கு என்னவே குறை?"

மீரானின் முகம் சிவந்தது.

"என்னைக்காவது என்னைக் கட்டச் சொன்னாங்களாவே? நான் பொட்டு மாதிரி இருக்குற திருகாணியையெல்லாம் திருகுதவன். ஒரு கயித்துல முடிச்சுப் போடத் தெரியாதா எனக்கு? நான் எதைத் தொட்டாலும் டீச்சர் ரெண்டு தரம் பாப்பாங்க. உம்ம முடிச்சை ஒரு நாளாவது பாத்தாங்களா? 'தொபியாஸ் அண்ணே கட்டினது. தொபியாஸ் அண்ணே கட்டினது.' ஒரு நாள் அது அவுந்து போகட்டும்னு இருந்தது."

 டீச்சர் பார்க்காமல் விட்டதை அவர் இத்தனை வருஷமும் ஒரு குறையாகத்தான் எண்ணியிருந்தார்.

படகு ஆடிக்கொண்டே கற்களின் பக்கம் மெதுவாக நகர்ந்தது.

டீச்சர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். நடுப்பலகையில் வைத்தார்.

இரண்டு ஆண்களும் அதைப் பார்த்தார்கள்.

"மீரானுக்குக் கொடுங்க டீச்சர்" என்றார் தொபியாஸ். "எனக்கு அருகதை இல்ல."

"எனக்கு வேண்டாம்" என்றார் மீரான். "அவருக்கே கொடுங்க. அவரு வாயைத் திறந்து சொன்னாரு. நான் அவரு சொன்ன பிறகுதான் சொன்னேன்."

"இல்லவே, நீரு எடும்."

"சொன்னா கேளும்வே. நீரு எடும்."

"காலையில ரெண்டு பேருக்கும் வேணும். இப்ப ரெண்டு பேருக்கும் வேண்டாம்" என்றார் டீச்சர். "நடுவுல இந்தப் படகு யாரைக் கேக்கும்?"



"கல்லு கிட்ட வருது" என்றும் சொன்னார். ஏலத்தில் மீன் வந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

தொபியாஸ் திரும்பிப் பார்த்தார். கற்களின் மேல் ஒட்டியிருந்த பாசியின் நிறம் தெரிந்தது. சுக்கான் பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆசனத்துக்கு அடியில் கையை விட்டு, வலக்கயிற்றின் நுனியை வெளியே இழுத்தார். எட்டுப் போல மடித்தார். இறுக்கினார்.

அதே நேரத்தில் மீரான், வலக்கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி, டீச்சரின் பக்கம் சாய்ந்து இடக்கயிற்றின் நுனியை எடுத்தார். பல்லால் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டார். டீச்சர் அதைப் பார்க்கவில்லை. கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப விடும்வே!" என்றார் தொபியாஸ்.

மீரான் விட்டார்.

கயிறு ஓடியது. வளையத்தில் முடிச்சு வந்து 'டக்'கென்று மோதி நின்றது. டீச்சர் இடக்கயிற்றை இழுத்தார். முன்பாய் மறுபக்கம் போய் நிறைந்தது. செலஸ்தீன் சரிந்து, கற்களை விட்டு விலகி ஓடத் தொடங்கியது.

சரிந்த வேகத்தில் சாவி பலகையிலிருந்து வழுக்கி, அடியில் ஊறிய தண்ணீரில் விழுந்தது.

"சாவி!" என்றார் தொபியாஸ்.

"என் ரெண்டு கையும் கயித்துல இருக்கு" என்றார் டீச்சர்.

தொபியாஸின் கை சுக்கானில் இருந்தது. அடுத்த திருப்பம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மீரான் குனிந்து தண்ணீருக்குள் துழாவிச் சாவியை எடுத்தார். கைலியில் துடைத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொபியாஸைப் பார்த்தார்.

"பையில போடும்வே" என்றார் தொபியாஸ். "போகும்போது உம்மகிட்ட இருக்கட்டும். திரும்பும்போது நான் வாங்கிக்கிடுதேன்."

மீரான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வலக்கயிற்றை எடுத்தார். அது இப்போது தளர்ந்து மடியில் கிடந்தது.

"திரும்பும்போது துறையில ஒரு நாய்கூட நிக்காதேவே" என்றார்.

தொபியாஸுக்கு அது காதில் விழவில்லை. அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.